முன்பக்கம் தாழும் பழைய மெர்சிடிஸ் எஸ்-கிளாஸை வாங்கலாமா?

இப்போதைய நிலையில் வாங்க வேண்டாம். 9 லட்சத்துக்கு வரும் 2012 எஸ்350 சிடிஐ டீசல் காரை நிறுத்திவைத்தால் இடது முன்பக்கம் தாழ்ந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கும்போது, அது வெறும் சென்சார் கோளாறு என்ற விற்பவரின் பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்தத் தலைமுறை எஸ்-கிளாஸில் சுருள்வில்லுக்குப் பதிலாக ஏர்மேட்டிக் எனும் காற்று சஸ்பென்ஷன் உள்ளது. அதன் ரப்பர் காற்றுப்பை வயதாகி, வெடிப்பு விட்டுக் கசிவதே பெரும்பாலும் காரணம். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி காற்றை நிரப்பும் கம்பிரசரும் (இதுதான் பலருக்குத் தெரியாத செலவு) அடுத்துப் பழுதாகும்.

இரவில் சமதளத்தில் நிறுத்தி, நான்கு மூலைகளிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப்பால் அளந்து, காலையில் கதவைத் திறக்கும் முன்பே மீண்டும் அளந்து பாருங்கள். இறங்கியிருக்கும் மூலையில் சோப்பு நீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். குமிழி வராவிட்டால், காற்றை மூலைகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக்கையும் இணைப்புக் குழாய்களையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

இந்த வண்டி டெல்லிப் பதிவெண் கொண்டது என்றால், விலை குறைவுக்கு அங்கு டீசல் வண்டிகளின் வயதுக்குக் கொண்டுவரப்பட்ட 10 ஆண்டு வரம்பும் காரணமாக இருக்கலாம். அப்படியானால் வேறு மாநிலத்துக்குப் பதிவை மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று கையில் இருக்கிறதா என்று பார்த்து, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய ஆயுள் வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.