முறுக்கு டின்னைத் திறக்கும் ராத்திரிக்காரி

கேள்வி: எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. என் கணக்கில் ஒரு ரூபாய்கூட உதைக்காது. வீட்டிலும் அப்படித்தான். காலை 4.45க்கு எழுந்தால் எல்லாம் வரிசையாக நடக்கும், யார் எதைச் சொன்னாலும் ‘சரி’ என்பேன். ஆனால் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நான் வேறு ஆள். ஒரு கையில் மொபைல், மறு கையில் முறுக்கு டின். மூடியைச் சத்தம் வராமல் திறப்பேன். ஒரு மணி, இரண்டு மணி வரை சேலைகளைப் பார்த்து ஆர்டர் போடுவேன். பீரோவில் பிரிக்காத பார்சல் மட்டும் ஒன்பது இருக்கிறது. காலையில் கண்ணாடி முன் நின்றால் “நீ எதுக்குமே லாயக்கில்ல” என்று உள்ளே ஒரு குரல், என் அப்பா பேசுவது போலவே.

போன மாதம், நாலாவது படிக்கும் என் மகள் கணக்குப் பரீட்சைத் தாளைப் பையின் அடியில் ஒளித்துவைத்திருந்தாள். கத்தினேன். தாளைக் கிழித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கை நடுங்கிவிட்டது. அது என் முகம். நாலாவதில் நானும் ஒரு தாளை அரிசி டிரம்மில் ஒளித்தவள்தான். அப்பா கண்டுபிடித்து, சாயங்காலம் முழுக்கத் தெருவைப் பார்க்கத் திண்ணையில் நிற்கவைத்தார். ராத்திரி சோறும் இல்லை. அவர் தூங்கிய பிறகு அம்மாதான் இருட்டில் வந்து முறுக்கு கொடுத்தார்.

எனக்குள் எத்தனை பேர்? பைத்தியம் பிடிக்கிறதா? அந்த ராத்திரிக்காரியை எப்படி ஒழிப்பது?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் அந்தப் பயத்தை இறக்கிவையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பைத்தியம் இல்லை. “ஒரு மனசு போகச் சொல்லுது, இன்னொரு மனசு வேண்டாங்குது” என்று நாம் தினமும் பேசுகிறோம். மனசு கேட்கவில்லை, மனசு வரவில்லை, மனசு அடித்துக்கொள்கிறது என்கிறோம், மனசு என்பது பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆள் என்பது போல. யாரும் நம்மை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதில்லை.

நற்றிணையில் 284ஆம் பாட்டு ஒன்று உண்டு. பொருள் தேடிப் போனவன் பாதி வழியில் நிற்கிறான். திரும்பிப் போய் அவள் துயரத்தைத் தீர்ப்போம் என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இழிவு, அவசரப்படாதே என்கிறது அறிவு. இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அற்றுப்போகுமோ என்கிறான். அந்த உவமையாலேயே அந்தப் புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தில் நான் பார்த்ததும் அந்தக் கயிற்றைத்தான். பகலில் ஒரு யானை இழுக்கிறது, ராத்திரியில் இன்னொன்று.

இதையே ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தெடுத்தவர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கர். குடும்பச் சிக்கல்களுக்கு ஆலோசனை சொல்லப் படித்தவர். 1980களில் சிகாகோவில், அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் சிக்கலோடு வந்த இளம்பெண்களைச் சந்தித்தார். சாப்பிடுவதற்குச் சற்று முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களிடமே கேட்டார். கிட்டத்தட்ட உங்களைப் போலவே சொன்னார்கள்: உள்ளே ஒருத்தி திட்டுகிறாள், திட்டு தாங்காமல் ஒருத்தி அழுகிறாள், அந்த அழுகையை நிறுத்த இன்னொருத்தி வந்து சாப்பிடவைக்கிறாள். ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் இழுபறிதான் இது என்று அவருக்குப் புரிந்தது. அதனால் இந்த முறைக்கு ‘இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்’ என்று பெயர் வைத்தார். உள்ளே இருக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தில் மூன்று வகை ஆட்கள் என்பது அவர் கணக்கு. ஒரு வகைக்கு மேனேஜர் என்று பெயர். அடி விழுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சரியாக வைத்துக்கொள்பவர்கள். காலை 4.45க்கு எழுபவள், எல்லாவற்றுக்கும் சரி என்பவள், கண்ணாடி முன் திட்டுபவள், மூவரும் இந்த வகைதான். இரண்டாவது வகை தீயணைப்புக்காரர்கள். வலி மேலே கிளம்பிவிட்டால், வீட்டில் எது நனைந்தாலும் பரவாயில்லை என்று தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பவர்கள். உங்கள் ராத்திரிக்காரி. இவர்கள் அத்தனை பேரும் யாரைக் காக்கிறார்கள் என்றால், ஒரு காலத்தில் அடிபட்டு, பார்க்கவே முடியாமல் உள் அறையில் பூட்டிவைக்கப்பட்ட குழந்தைகளை. அவர்கள்தான் மூன்றாவது வகை. திண்ணையில் நிற்கும் ஒன்பது வயதுப் பெண் உங்கள் கடிதத்திலேயே வந்துவிட்டாள்.

சரி, ராத்திரிக்காரியை எப்படி ஒழிப்பது? இந்தக் கேள்விதான் என்னை இவ்வளவு நீளமாக எழுதவைக்கிறது. ஷ்வார்ட்ஸும் ஆரம்பத்தில் ஒழிக்கத்தான் பார்த்தார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண், அவரிடம் வந்துகொண்டிருந்தார். அதைச் செய்யத் தூண்டும் பகுதியிடம் ஒருநாள் விடாமல் மல்லுக்கட்டி, இந்த வாரம் செய்யமாட்டேன் என்று வாக்கு வாங்கிவிட்டுத்தான் அவரை அனுப்பினார். அந்தப் பெண் அடுத்த முறை வந்தபோது முன்னைவிட மோசமான காயம். மனம் உடைந்துபோன ஷ்வார்ட்ஸ், உன்னை ஜெயிக்க என்னால் முடியாது, விட்டுவிடுகிறேன் என்று அந்தப் பகுதியிடம் சொன்னாராம். உன்னை ஜெயிப்பது என் நோக்கமே இல்லை என்று பதில் வந்தது. அப்புறம்தான் அவர் ஏன் இதைச் செய்கிறாய் என்று கேட்டார். சின்ன வயதில் அந்தப் பெண் கொடுமைக்கு ஆளானபோது, அதைத் தாங்கவைக்க அந்தப் பகுதிக்குத் தெரிந்த ஒரே வழி காயப்படுத்துவதுதான் என்று தெரிந்தது. அந்த இடத்தில்தான் இந்த முறையே திசை மாறியது. விரட்டாமல் விசாரிப்பது.

உங்கள் கடிதத்தில் முறுக்கு இரண்டு இடத்தில் வருகிறது. நடுவில் பார்சல், கண்ணாடி, பரீட்சைத் தாள் எல்லாம் வந்துவிடுவதால் நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு, இருட்டில், சத்தம் வராமல் முறுக்கு. அன்றைக்கு உங்கள் அம்மா செய்தது அதுதான். பட்டினியாக நின்ற பிள்ளைக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே ஆறுதல், அப்பா தூங்கிய பிறகுதான் வந்தது. உங்கள் ராத்திரிக்காரி 27 வருடமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாளோ? இது என் ஊகம். எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அதனால் அவளிடமே கேளுங்கள்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ராத்திரி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் கொஞ்சம் அமைதியான நேரமாகப் பார்த்து ஒரு நோட்டோடு உட்காருங்கள். டின்னை நோக்கிக் கை போகும் அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். உடம்பில் எங்கே தெரிகிறது? தொண்டையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா? தெரிந்த இடத்தில் கவனத்தை வைத்துக்கொண்டு உங்களையே ஒன்று கேளுங்கள்: இவளை நினைத்தால் எனக்கு என்ன தோன்றுகிறது? எரிச்சல், அவமானம், அருவருப்பு என்று பதில் வந்தால் பேச்சைத் தொடராதீர்கள். அந்த எரிச்சல் உங்கள் மேனேஜருடையது. ராத்திரிக்காரி அவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். “கொஞ்ச நேரம் தள்ளி உட்காரு, நான் அவகிட்ட பேசிட்டு வந்துடறேன்” என்று மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் தள்ளி உட்காருவாள். உட்காரவில்லை என்றால் அன்றைக்கு அவளுடைய பயத்தை மட்டும் கேட்டு எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுங்கள். அதுவே போதும்.

எரிச்சல் விலகி, “பாவம், இவ ஏன் இப்படிச் செய்றா” என்ற அக்கறை வந்ததும் ராத்திரிக்காரியிடம் கேளுங்கள். நீ இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்? எனக்கு இப்போது எத்தனை வயது என்று நினைக்கிறாய்? இந்த இரண்டாவது கேள்வி இந்த முறையில் வழக்கமாகக் கேட்பது. பலருக்கும் எட்டு, ஒன்பது, பன்னிரண்டு என்றுதான் பதில் வரும். உங்களுக்கு 36 வயது ஆகிவிட்டது, சம்பளம் வாங்குகிறீர்கள், சோறு போடாமல் நிறுத்திவைக்க இனி யாராலும் முடியாது என்பதை அவளுக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். பதில் குரலாகத்தான் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு படமாக வரலாம், நெஞ்சில் ஒரு இளக்கமாக வரலாம். எது வந்தாலும் எழுதிவையுங்கள்.

திட்டும் குரலையும் விட்டுவிடாதீர்கள். அது உங்கள் அப்பா இல்லை, அவர் குரலைக் கடன் வாங்கிய ஒரு சின்னப் பெண். அப்பா திட்டுவதற்கு முன்னால் நானே திட்டிவிட்டால் அடி குறையும் என்று கண்டுபிடித்த புத்திசாலி. ஒரு பிள்ளைக்கு வேறு என்ன வழி இருந்தது? எனக்கு அவள்மேல் மரியாதைதான் வருகிறது.

அந்தத் திண்ணைப் பெண்ணிடம் மட்டும் தனியாகப் போகாதீர்கள். காவலுக்கு நிற்பவர்களிடம் பேசுவதைத் தனியாகச் செய்யலாம். பூட்டிய அறையைத் திறப்பது அப்படி இல்லை. உள்ளே இருக்கும் துக்கம் ஒரே மூச்சில் வெளியே வந்தால் தாங்குவது கஷ்டம். பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நேரமே நினைவில் இல்லாமல் போவது, நீங்கள் செய்ததாக மற்றவர்கள் சொல்வது உங்களுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லாதது, வெளியிலிருந்து கேட்பது போலக் குரல்கள், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நோட்டு வேண்டாம், நேராக மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

இந்த முறைக்கு ஆதாரம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உள்ள 79 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்த முறையில் பயிற்சி பெற்றவர்களுக்கு வலியும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி போன்ற சிகிச்சைகளுக்கு இருக்கும் அளவு ஆராய்ச்சி இதற்கு இல்லை. உங்கள் ஆலோசகர் வேறு வழியைச் சொன்னால் தயங்காமல் அதில் போங்கள். உள்ளே நிஜமாகவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீங்கள் நம்ப வேண்டும் என்றும் இல்லை. என்னைப் பொறுத்தவரை, தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கும் ஒருவர் தன்னோடு மரியாதையாகப் பேசக் கற்றுக்கொள்ள இது ஒரு நல்ல மொழி.

அந்த மொழியைத் தப்பாகப் பயன்படுத்தும் வழியும் உண்டு. ‘கத்தினது நான் இல்லை, எனக்குள் இருக்கும் ஒருத்தி’ என்று தப்பித்துக்கொள்வது. கத்தியது எந்தப் பகுதியாக இருந்தாலும், கிழிந்தது உங்கள் மகளுடைய தாள். உள்ளே யார் என்ன செய்தாலும் வெளியே பொறுப்பு உங்களுடையதுதான். அதனால் அவளிடம் போய், சுற்றி வளைக்காமல், “அம்மா கத்தினது தப்பு, தாளைக் கிழிச்சது தப்பு, மன்னிச்சிடு” என்று முதலில் சொல்லுங்கள். “மார்க் குறைஞ்சா பயந்துபோற ஒரு சின்னப் பொண்ணு அம்மாவுக்குள்ள இன்னும் இருக்கா, அவளை நான் பாத்துக்கறேன், அது உன் வேலை இல்ல” என்று அப்புறம் சொல்லலாம். அந்தத் துண்டுகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் இருவரும் உட்கார்ந்து டேப் போட்டு ஒட்டுங்கள். எந்தக் கணக்கு தப்பு என்று அன்றைக்குப் பார்க்க வேண்டாம்.

அவள் முகத்தைப் பார்த்து, அது என் முகம் என்று உங்களுக்குத் தோன்றிய நொடியில் பார்த்தது யார்? கத்தியவள் இல்லை. அவள் அப்போது தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு சொல்வதையும் அறிவு சொல்வதையும் கேட்டுக்கொண்டு, கயிறு தேய்வதையும் பார்த்தபடி ஒருவன் அந்த நற்றிணைப் பாட்டில் நிற்கிறானே, அது போன்ற ஒருவர். ஷ்வார்ட்ஸ் அதை ‘செல்ஃப்’ என்கிறார். பதற்றம் இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு, இரக்கத்தோடு பார்ப்பது அதன் குணம். அது எல்லோருக்குள்ளும் சேதமில்லாமல் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. உங்களிடம் இருக்கிறது என்று நானும் நம்புகிறேன், அந்தக் கை நடுக்கத்தால். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உட்கார வேண்டியது அவர்தான்.

பார்சல்களுக்கு அவசரம் இல்லை. திருப்பி அனுப்பத் தேதி இருப்பதை அனுப்பிவிடுங்கள், மற்றது அப்படியே இருக்கட்டும். முறுக்கை நாளைக்கே நிறுத்த வேண்டும் என்றும் சபதம் போடாதீர்கள். சபதம் போட்டால் மேனேஜர் ஜெயிப்பாள், ராத்திரிக்காரி இன்னும் ஆழமாக ஒளிவாள். இன்றைக்கு ராத்திரி கை டின்னுக்குப் போனால், சமையலறை விளக்கைப் போடுங்கள். ஒரு தட்டில் நாலு முறுக்கை எடுத்துவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மூடி சத்தம் போட்டால் போடட்டும்.