யோசனை கூடினால் யாரிடம் போவது? மனஅழுத்தம் பற்றிய கேள்வி பதில்

பதில் சொல்பவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உளவளத்துணையாளராக வேலை செய்யும் ஒருவர். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி (தலவாக்கலை, கொழுந்து எடுக்கும் அக்கா): குழுக்கடன் தவணை ஒரு பக்கம், மாமியாரின் உடம்பு வருத்தம் ஒரு பக்கம். யாரிடம் சொன்னாலும் "யோசிக்காத, எல்லாம் சரியாகும்" என்கிறார்கள். அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. என்னில் ஏதும் பிழையா?

பதில்: உங்களில் பிழை இல்லை அக்கா. தவணை நாள் நெருங்கும்போது ஆறுதல் வார்த்தை மட்டும் வந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஜேம்ஸ் ஹவுஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1981இல் ஆதரவை நாலு வகையாகப் பிரித்தார்: மனசுக்கு ஆறுதல், கைக்கு உதவி, தகவல், நம் நிலைமையை நாமே எடைபோடத் துணை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதும் மூன்றாவதும். வந்துகொண்டிருப்பதோ முதலாவது.

அதனால் கேட்கும்போதே குறிப்பாகக் கேளுங்கள். "எனக்கு ரொம்பக் கஷ்டம்" என்றால் "யோசிக்காத" என்றுதான் பதில் வரும். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் மாமியாரோட இருக்கிறியா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்று தெரிந்துவிடும். கடன் கடதாசிகளை எடுத்துக்கொண்டு, அது எந்த மொழியில் இருக்கிறதோ அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்காருங்கள். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை தவணை மிச்சம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். லாசரஸ், ஃபோக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட நூலில் சமாளிப்பை இரண்டாகப் பார்த்தார்கள். மாற்றக்கூடிய விஷயமென்றால் பிரச்சினையோடு மல்லுக்கட்டலாம். மாற்ற முடியாததென்றால் மனசைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடனில் கொஞ்சமாவது கை வைக்க முடியும். மாமியாரின் வயசில் முடியாது. அங்கே உங்களுக்கு வேண்டியது ஓய்வு.

குழுக்கடனில் இன்னொரு சிக்கல் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. உங்களுக்குப் பிணை நிற்பவர்கள்தான் மலையில் பக்கத்து நிரையிலும் நிற்பார்கள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் தலையில் விழுகிறது. பிறகு அவர்களிடமே போய் மனசை எப்படி விடுவது? அதற்கு அந்தக் குழுவுக்கு வெளியே ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி (பொகவந்தலாவை, இளைஞர்): லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒருத்தரிடம் சொன்னால் மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் எல்லாருக்கும் தெரியும். சுற்றிலும் சொந்தம்தான், பேச ஆளில்லை.

பதில்: பக்கத்துக் காம்பராவில் இருமினாலே கேட்கும் இடத்தில் இரகசியம் நிற்காதுதான் தம்பி. இத்தனை பேர் இருந்தும் தனியாக இருப்பது எப்படி என்று குழம்ப வேண்டாம். கோஹன், வில்ஸ் இருவரும் 1985இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நெருக்கடியின் அடியைத் தணிப்பது "தேவைப்பட்டால் எனக்கு ஆள் இருக்கிறது" என்ற நம்பிக்கை என்பது அதன் சாரம். தலைக்கணக்கு அதற்குப் பிறகுதான். அந்த நம்பிக்கையைத் தர ஒரே ஒருவர் போதும்.

அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க, முதலில் பெரிய விஷயத்தைக் கொட்டாதீர்கள். வெளியே போனாலும் பாதகமில்லாத சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டு ஒரு கிழமை பொறுங்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அது திரும்பி உங்கள் காதுக்கு வந்தால் அவர் சரிவரமாட்டார். வராவிட்டால் அடுத்ததைச் சொல்லலாம். பேசும் இடமும் முக்கியம்: லயத்துக்குள் வேண்டாம், டவுனுக்கு நடக்கும் பாதையில் பேசுங்கள். தோளுக்குத் தோள் நடந்தபடி பேசுவது, முகத்துக்கு நேரே இருந்து பேசுவதைவிட ஆண்களுக்கு லேசு என்பது என் அனுபவம்.

ஆள் கிடைக்கும்வரை எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், மனசை வருத்திய சம்பவங்களை எழுதவைத்தார். எழுதும்போது வேதனை கூடியது. அடுத்த மாதங்களில் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயமா? எழுதி முடித்ததும் அடுப்பில் போடுங்கள்.

கேள்வி (பண்டாரவளை, ஒரு தாய்): மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதப் போகிறாள். நான் என்ன கேட்டாலும் சீறுகிறாள். எப்படித்தான் உதவுவது?

பதில்: கேட்பதைக் குறையுங்கள் அம்மா. நியூயோர்க்கில் சட்டத்தரணிப் பரீட்சைக்கு ஆயத்தமானவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் வைத்து நயல் போல்ஜர் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2000இல் வந்தது. இரு தரப்பும் தினமும் குறிப்பு எழுதினார்கள். துணைவர் உதவி செய்து, பரீட்சை எழுதுபவர் அதைக் கவனிக்காமலே போன நாட்களில்தான் மனம் நன்றாக இருந்தது. உதவி வெளிப்படையாகத் தெரியும்போது, "என்னால் தனியாக முடியாதோ" என்ற எண்ணமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

அதனால் "படிச்சியா?", "சாப்பிட்டியா?", "பயமா இருக்கா?" மூன்றையும் நிறுத்துங்கள். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போங்கள். பின்னேரத்தில் சின்னவனை அத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். பக்கத்து வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் வேலை. கேட்டதை மகளிடம் சொல்லிக்காட்ட வேண்டாம். அவளாக வந்து பேசினால் மட்டும் எல்லா வேலையையும் போட்டுவிட்டு உட்காருங்கள்.

கேள்வி (நுவரெலியா, ஆசிரியை): நானும் தோழியும் தினமும் இரவு போனில் பாடசாலைப் பிரச்சினையைப் பேசித் தீர்க்கிறோம். வைத்தபிறகு இன்னும் பாரமாக இருக்கிறது.

பதில்: பேசுகிறீர்கள், தீர்க்கவில்லை. ஒரே விஷயத்தை இருவரும் சேர்ந்து கிளறிக்கொண்டிருப்பதை அமண்டா ரோஸ் 2002இல் வளரிளம் பிள்ளைகளிடம் ஆராய்ந்தார். நட்பின் நெருக்கத்தோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே காணப்பட்டன. நட்பை விடச் சொல்லவில்லை. புலம்பலுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். அப்புறம் "சரி, நாளைக்கு என்ன செய்யப் போற?" என்று ஒருவர் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் பேச்சை வேறு எங்காவது கொண்டுபோங்கள், மரக்கறி விலையானாலும் பரவாயில்லை.

கேள்வி (கொஸ்லந்தைப் பக்கம், தந்தை): மீரியபெத்தையில் மண் சரிந்ததிலிருந்து மழை இரவுகளில் கண்ணை மூட முடிவதில்லை. எங்கள் லயமும் சரிவில்தான் இருக்கிறது. பிள்ளைகளிடம் "பயப்படாதே" என்று சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள் அண்ணன், அவர்கள் நம்பமாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களே மண்ணுக்குள் போனது அவர்களுக்கும் தெரியும். அந்தப் பயத்தை நோய் என்று நான் எண்ணவில்லை. சரிவில் இருப்பவனுக்கு வரவேண்டிய பயம்தான் அது. தனி ஆளாக அதைச் சுமப்பதுதான் உடம்பைக் கெடுக்கிறது.

நீங்கள் விழித்திருக்கிறீர்கள். பக்கத்துக் காம்பராக்காரரும் விழித்திருக்கிறார். எதிர் லயத்தில் இன்னொருவர். ஒரே மழைக்கு மூன்று பேரும் தனித்தனியாகக் காவல்! முறை போட்டுக்கொள்ளுங்கள். இன்றிரவு ஒருவர் பார்த்தால் மற்ற இருவரும் தூங்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். அதை யார் போனில் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்வது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாம் ஒரு பையில் கதவோரம் இருக்கட்டும். எந்த வழியாக எங்கே போவது என்று பகலில் பிள்ளைகளோடு ஒருதரம் நடந்து பாருங்கள். பெரியவனுக்கு டோர்ச் பொறுப்பைக் கொடுங்கள். கையில் வேலை இருக்கும் பிள்ளைக்குப் பயம் அடங்கும். எச்சரிக்கை வந்தால் விவாதம் வேண்டாம், வெளியேறுங்கள்.

மழை இரைச்சலில் பிள்ளை எழும்பினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006இல் 16 பெண்களை மூளைப்படக் கருவிக்குள் படுக்கவைத்து, மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அபாயப் பரபரப்பு தணிந்தது. அந்நியர் கையும் ஓரளவு உதவியது.

ஏற்கெனவே ஆளை இழந்த வீடுகளுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எப்படி நடந்தது?" என்று ஆளுக்கொரு தரம் விவரிக்கவைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது பார், கேள், இணை என்ற மூன்றுதான். பேச வற்புறுத்தக்கூடாது. நம் ஊரில் பதினாறு முடியும்வரை அந்த வீட்டில் அடுப்புக்குக்கூட ஆள் இருக்கும். அதன் பிறகு வாசல் வெறிச்சோடிவிடும். நீங்கள் போகவேண்டியது அப்போதுதான்.

கேள்வி (மஸ்கெலியா): வேலை முடிந்து கொஞ்சம் குடித்தால் மனசு லேசாகிறதே, அது பிழையா?

பதில்: லேசாவது உண்மை. தூக்கமும் சீக்கிரம் வரும். ஆனால் சாராயம் பின்னிரவுத் தூக்கத்தைக் குலைத்துவிடும். காலையில் அதே யோசனை, தலைவலியும் சேர்ந்து. கூட்டாளிகளோடு இருக்கும் அந்த நேரம் வேண்டும் என்றால் கரம் போர்டிலும் அது கிடைக்கும்.

கேள்வி (ராகலை, தாய்): மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். போனில் "நல்லா இருக்கேன்" என்பதோடு சரி.

பதில்: "எப்படி இருக்க?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். "இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்ட, யாரோட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். தனியாகத்தான் சாப்பிடுகிறான் என்று பல நாள் தெரிந்தால், அங்கே இருக்கும் நம் ஊர்ப் பையன் ஒருவனைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஹட்டன்): தோழி அடிக்கடி "செத்தால் நல்லது" என்கிறாள். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே கொடுத்ததாகிவிடாதா?

பதில்: ஆகாது. நேராகக் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் சொல்ல ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். "உயிரை விடலாம் என்று யோசிக்கிறியா?" என்று அமைதியாகக் கேளுங்கள். ஆம் என்றால் திட்டவும் வேண்டாம், சாமி மேல் சத்தியம் வாங்கவும் வேண்டாம். தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, களைமருந்து, மாத்திரைகளை அவள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ணுக்கு இன்றே அழையுங்கள். ஆபத்து கண்முன்னே இருந்தால் 1990 அம்பியூலன்ஸ். வைத்தியசாலைக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.