வாசகர் கேள்விகள்: சூரியக் கரும்புள்ளிகளும் துருவத்துக் குளிரும்

கேள்வி: சூரியனில் கரும்புள்ளிகள் உச்சத்தை எட்டியதாக 2024-இல் செய்தித்தாளில் படித்தேன். அவை துருவப் பகுதிகளின் தட்பவெப்பத்தை மாற்றக்கூடியவை என்றும் அதில் எழுதியிருந்தார்கள். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படாமல் தள்ளிப்போய்க் குறுவை கெடுகிற ஆண்டுகளுக்கும் இதுவே காரணம் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். உண்மைதானா?
— வாசகர் ஒருவர், நீடாமங்கலம்

பதில்: செய்தி சொன்னது சரி. பெரியவர் சேர்த்துக்கொண்டதற்கு ஆதாரம் போதாது.

சூரியனின் காந்தச் செயல்பாடு சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது. கரும்புள்ளிகள் அதன் வெளி அடையாளம். புள்ளிகள் மிகுந்த காலத்தில் சூரியன் மங்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் புள்ளிகளைச் சூழ்ந்துள்ள பிரகாசமான திட்டுகள் அந்த இழப்பை ஈடுகட்டியும் மிஞ்சுவதால், அக்காலத்தில் அது சற்றுக் கூடுதலாகவே ஒளிர்கிறது. கூடுதல் என்றாலும் மிகச் சொற்பந்தான். வளிமண்டலத்தின் மேல்விளிம்பில் ஒரு சதுர மீட்டருக்கு வந்து சேரும் ஏறத்தாழ 1361 வாட் ஆற்றலில் 1 வாட் அளவுக்கு, அதாவது 0.1 சதவீதம் அளவுக்கு மாறுகிறது. இதனால் உலகச் சராசரி வெப்பநிலை 0.1 டிகிரி செல்சியஸ் அளவுக்கு அசையலாம். அதற்கு மேல் இல்லை.

அப்படியிருக்கத் துருவத்தில் மட்டும் எப்படி உணரப்படுகிறது? மொத்த ஒளி அதிகம் மாறாவிட்டாலும் புறஊதாக் கதிர்கள் சில அலைநீளங்களில் பல சதவீதம் வரை மாறுகின்றன. அவற்றை உறிஞ்சுவது தரையன்று. ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் உயரமான அடுக்கிலுள்ள ஓசோன். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும்போது வெப்ப மண்டலத்துக்கு மேலேயுள்ள அந்த அடுக்கு கூடுதலாகச் சூடேறுகிறது. குளிர்காலத்துத் துருவமோ மாதக்கணக்கில் இருளில் கிடப்பதால் அங்கே சூடேற வழியில்லை. இரண்டுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு கூடும்போது, துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து வீசும் காற்றுச் சுழல் வலுக்கிறது. வேறுபாடு குறையும்போது சுழல் தளர்ந்து, உள்ளே அடைபட்டிருந்த கடுங்குளிர் தெற்கே வழிகிறது. சூரியன் அடங்கிக் கிடந்த 2008, 2009-ஆம் ஆண்டுகளை அடுத்து வந்த 2009-10 குளிர்காலத்தில் வட ஐரோப்பா உறைந்தபோது கிரீன்லாந்துப் பக்கம் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஒரு குளிர்காலத்துக்குச் சூரியன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும், சூரியன் தணிந்த காலத்தில் எதிர்பார்க்கப்படும் அமைப்பு இதுதான். மொத்தக் குளிர் கூடாமல் இடம் மட்டும் மாறுகிற இதை டெல்டாக்காரருக்குக் கல்லணையை வைத்துச் சொல்லிவிடலாம்: ஷட்டர்களை மாற்றிவைத்தால் வெண்ணாற்றில் குறைந்து காவிரியில் கூடுமே தவிர, மேட்டூரிலிருந்து வந்த மொத்தத் தண்ணீர் ஒரு கன அடிகூடக் கூடுவதில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியரில் வீசும் காற்று சுமார் 28 மாதங்களுக்கு ஒரு முறை கிழக்கும் மேற்குமாகத் திசை மாறிவருகிறது. ஜெர்மானிய வானிலையாளர் காரின் லாபிட்ஸ்கே 1987-இல் வடதுருவத்தின் குளிர்கால வெப்பநிலைகளை இந்தத் திசைப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தபோது தென்படாத சூரியத் தொடர்பு, பிரித்ததும் வெளிப்பட்டது. அதுவும் ஒரு திசையில் ஒரு விதமாகவும் மறு திசையில் நேர்மாறாகவும். எனவே புள்ளிகளை மட்டும் எண்ணித் துருவக் குளிரைக் கணிப்பவர் ஏமாந்துபோவார்.

சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களுக்கும் பங்குண்டு. பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவங்களை நோக்கித் திருப்பிவிடுகிறது. அங்கே மிக உயரத்தில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயில் பட்டால் சிதைந்துவிடும். துருவ இரவில் அவற்றைச் சிதைக்க வெயில் ஏது? மெல்ல இறங்கி வந்து ஓசோனைத் தின்கின்றன.

மேட்டூருக்கு வருவோம். பெரியவரின் எண்ணம் புதிதன்று. தென்னிந்தியாவைச் சூறையாடிய 1876-78 பஞ்சத்தின்போதே, சென்னை மழைக்கும் கரும்புள்ளிகளுக்கும் 11 ஆண்டு உறவு உண்டு என்று 1877-இல் ஆங்கிலேய அரசின் புள்ளியியல் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டர் எழுதினார். 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் புள்ளிவிவரங்களைக் கொண்டு சோதித்தார். பருவமழையைக் கணிக்க உதவும் அளவுக்கு அந்த உறவு வலுவாக இல்லை என்று கண்டார். தேடலின் போக்கில் அவர் கண்டறிந்து பெயரிட்டவை, ஓரிடத்தில் காற்றழுத்தம் ஏறும்போது தொலைவிலுள்ள மற்றோரிடத்தில் இறங்கும் ஊசலாட்டங்களான தென் அலைவும் வட அட்லாண்டிக் அலைவும். இன்று எல் நினோ என்று நாம் பேசுவதன் மறுபாதியே தென் அலைவு. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பொய்ப்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மேலே சொன்ன துருவச் சுழலின் ஏற்ற இறக்கம் தரையில் வெளிப்படுவது வட அட்லாண்டிக் அலைவின் வழியாக.

கேள்வி: சூரியச் சுழற்சிக்கும் எங்கள் மகாமகத்துக்கும் தொடர்பு உண்டா? இரண்டும் ஏறக்குறைய ஒரே கால அளவு அல்லவா?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: இல்லை. மகாமகம் வியாழன் கிரகத்தின் கணக்கு. அது சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டுகள் ஆகின்றன. சூரியச் சுழற்சியோ கடிகாரம் போல் நடப்பதில்லை. 9 ஆண்டுகளிலும் முடியும், 14 ஆண்டுகள் வரையும் இழுக்கும். அண்மை உச்சங்கள் 2001, 2014, 2024. மகாமகங்கள் 2004, 2016, அடுத்து 2028.

கேள்வி: ஆர்க்டிக் பனி உருகுவதும் சூரியனால்தானே? சூரியன் மீண்டும் அடங்கினால் பனி திரும்பிவிடுமா?
— கல்லூரி மாணவர் ஒருவர், மயிலாடுதுறை

பதில்: காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 2014-இல் உச்சத்தை எட்டிய சூரியச் சுழற்சி ஏறத்தாழ நூறாண்டுகளில் மிகப் பலவீனமானது. அதே சுழற்சிக்குள் வந்த 2012 செப்டம்பரில்தான் ஆர்க்டிக் கடற்பனி, 1979-இல் செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய பின் மிகக் குறைந்த பரப்புக்குச் சுருங்கியது. 1980-கள் முதல் சூரியன் சற்றுத் தணிந்தே வந்திருக்க, ஆர்க்டிக்கோ உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. இதைவிட அழுத்தமான சான்று ஒன்றும் உண்டு. சூரியன் காரணமாக இருந்தால் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பதோ கீழே சூடும் ஸ்ட்ராட்டோஸ்பியரில் குளிர்ச்சியும். கரியமில வாயு மிகுவதற்கே உரிய அடையாளம் இது.

1645 முதல் 1715 வரை கரும்புள்ளிகள் அரிதாகிப்போன காலம் ஒன்று இருந்தது. அப்படியொன்று இந்த நூற்றாண்டில் மீண்டும் வந்தாலும், உலகச் சராசரி ஒரு டிகிரியில் சில பத்தில் ஒரு பங்கு குறையுமே தவிர, அதற்கு மேல் இறங்காது என்பதே கணினி மாதிரிகளின் மதிப்பீடு. வட ஐரோப்பாவின் குளிர்காலம் மட்டும் அதைவிடக் கூடுதலாக உணரும்.