முதலில் கூட்டல், பிறகு வர்க்கம்

மதிப்பிற்குரிய ஐயா,

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வணிகவியல் படித்தவன். இரண்டு ஆண்டுகளாகக் குவாண்டம் இயற்பியல் பற்றிய காணொளிகளை இரவில் வெகுநேரம் விழித்திருந்து பார்க்கிறேன். நாம் பார்ப்பதால்தான் பொருள் உருக்கொள்கிறது, மனமே உலகை ஆக்குகிறது என்று அறிந்தபோது பரவசமடைந்தேன். நம் சித்தர்கள் இதை முன்பே சொல்லிவிட்டார்கள் அல்லவா? பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தியிடமும், உறுதியாக எண்ணினால் மதிப்பெண் கூடும், அறிவியலே இதைச் சொல்கிறது என்று கூறியிருக்கிறேன். கணிதம் தெரியாத என்னைப் போன்றவர்கள் எந்தெந்த நூல்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் தூக்கத்தை விட்டு எலெக்ட்ரானைப் பற்றி யோசிக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சித்தர்களை இதில் இழுக்க வேண்டாம். அவர்கள் பாடியது வேறு, அதற்கு எலெக்ட்ரானின் சாட்சியம் தேவையில்லை. நூல் பட்டியலையும் இப்போதைக்குத் தள்ளி வைப்போம். ஆனால் பேத்தியிடம் நீங்கள் சொன்னதை என்னால் கடந்துபோக முடியவில்லை. நாளை மதிப்பெண் குறைந்தால், தான் சரியாக எண்ணவில்லை என்று அந்தக் குழந்தை தன்னையே நொந்துகொள்ளும். உங்களுக்கே சரிபார்க்கத் தெரியாத ஒன்றை, அறிவியலின் பெயரால், உங்களை நம்புகிற ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறீர்கள். இன்றே அதைத் திரும்பப் பெறுங்கள்.

மனம் உலகை ஆக்குகிறது என்ற இந்தப் பேச்சைப் பற்றிச் சில காலமாகவே யோசித்து வருகிறேன். எல்லாம் ஒரு சோதனையில் தொடங்குகிறது. 1989இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவன ஆய்வகத்தில் அகிரா தொனோமுராவின் குழு, எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக, இரண்டு வழிகள் திறந்திருக்கும் அமைப்பு ஒன்றின் ஊடே அனுப்பியது. ஒவ்வொரு எலெக்ட்ரானும் திரையில் ஒரேயொரு புள்ளியாக விழுந்தது. முதலில் விழுந்த புள்ளிகளில் எந்த ஒழுங்கும் இல்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்தபோது மட்டும் வரி வரியாகப் பட்டைகள் தெரிந்தன. சில இடங்களில் அடர்த்தியாகப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய வெறுமை. ஒரு வழி மட்டும் திறந்திருந்தால் எலெக்ட்ரான் போய் விழக்கூடிய இடத்துக்கு, இரண்டும் திறந்திருக்கும்போது அது ஏன் போவதில்லை? இந்த ஒரு கேள்வியோடு நீங்கள் ஒரு மாதம் இருந்திருக்க வேண்டும். காணொளியோ இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் பரவசத்துக்குத் தாவிவிடுகிறது.

கணிதம் தெரியாது என்கிறீர்கள். வாழ்நாளெல்லாம் வட்டிக் கணக்குப் போட்டவர் அப்படிச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வழிக்கும் வீச்சு என்று ஓர் எண் உண்டு. அது நேர்மமாகவும் இருக்கலாம், எதிர்மமாகவும் இருக்கலாம். (முழுக் கணக்கில் அது கலப்பெண், இங்கே அது வேண்டாம்.) இரு வழிகளின் வீச்சுகளைக் கூட்டி, வந்ததை வர்க்கப்படுத்தினால் எலெக்ட்ரான் அங்கே விழும் வாய்ப்பு கிடைக்கிறது. ஓரிடத்தில் 1, 1 என்றால் கூட்டல் 2, வர்க்கம் 4. சற்றுத் தள்ளி 1, -1 என்றால் கூட்டல் 0, வர்க்கமும் 0. வெறுமையான பட்டை இதுதான். எந்த வழியாகப் போனது என்ற தடயம் எங்கேனும் பதிந்துவிட்டால், வீச்சுகளைக் கூட்டக் கூடாது. தனித்தனியே வர்க்கப்படுத்திய பிறகே கூட்ட வேண்டும். அப்போது எல்லா இடத்திலும் 2 வரும், பட்டைகள் மறையும். இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் 1926இல் இந்த வாய்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில், வீச்சை அல்ல, அதன் வர்க்கத்தையே கொள்ள வேண்டும் என்ற திருத்தமே அச்சுப்படி பார்க்கும்போது சேர்த்த அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. 1954இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கருத்து அது.

ஒளியிலும் இதே போன்ற பட்டைகள் தோன்றும்; அதை எனக்கு முதலில் கண்ணில் காட்டியவர் என் பள்ளி ஆசிரியர். கண்ணாடித் துண்டொன்றை விளக்குப் புகையில் காட்டிக் கரி படியச் செய்து, இரண்டு பிளேடுகளை ஒட்டிப் பிடித்து ஒரே இழுப்பில் கீறினார். இருட்டறையின் மறுகோடியில் எரிந்த டார்ச் பல்பை அந்தக் கீறல்களின் வழியே பார்க்கச் சொன்னார். ஓரத்தில் செம்மை படர்ந்த மெல்லிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. என்ன தெரிகிறது என்று அவர் சொல்லவில்லை. எத்தனை கோடு என்று எண்ணிச் சொல்லும்படி எங்களைத்தான் கேட்டார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இனி உங்கள் மனத்துக்கு வருகிறேன். தடயம் என்றேனே தவிர, பார்ப்பவர் என்று சொல்லவில்லை. வியன்னாவில் ஆன்டன் சைலிங்கர், மார்க்குஸ் ஆர்ண்ட் ஆகியோரின் குழு எழுபது கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலும் இத்தகைய பட்டைகளைக் கண்டது. 2004இல் வெளியான அவர்களுடைய சோதனையில், அந்த மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கி அனுப்பினார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பு ஒளிர்வதைப் போலச் சூடேறிய மூலக்கூறும் ஒளித்துகள்களை உமிழ்கிறது. மூலக்கூறு எந்த வழியில் போனது என்ற தடயத்தை அந்த ஒளி வெளியே கொண்டுபோய்விடுகிறது. சூடு ஏற ஏறப் பட்டைகள் படிப்படியாக மங்கி மறைந்தன. அந்த ஒளியை எவரும் பிடித்துப் பார்க்கவில்லை. எவருடைய எண்ணமும் அதில் குறுக்கிடவில்லை. வெற்றிடக் குழாயின் சுவரில் பட்டு அது வீணாய்ப் போயிருந்தாலும் விளைவு அதுவேதான். மனம்தான் காரணமென்றால், சூட்டின் அளவுக்கு ஏற்ப ஏன் மங்க வேண்டும்?

யூஜீன் விக்னரைப் போன்ற பெரிய இயற்பியல் அறிஞர் மனத்துக்கு இதில் இடம் கொடுத்தது உண்மை. 1961இல் எழுதினார், பிற்காலத்தில் அவரே அதிலிருந்து விலகிவிட்டார். தடயம் பதிந்த பிறகும் புள்ளி ஏன் இங்கே விழுந்தது, அங்கே ஏன் விழவில்லை என்பது இன்றுவரை தீராத விவாதம். அந்தப் புதிர் உண்மையானது, அதற்காக நீங்கள் தூக்கம் கெடலாம்.

அதற்கு முன் பேத்தியையும் உட்காரவைத்து ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு வழியின் வீச்சு 3, மற்றதன் வீச்சு சில இடங்களில் 1, சில இடங்களில் -1 என்று கொள்ளுங்கள். அடர்ந்த பட்டையில் எவ்வளவு, மங்கிய பட்டையில் எவ்வளவு, தடயம் பதிந்துவிட்டால் எவ்வளவு என்று மூன்று விடைகளையும் எழுதி அனுப்புங்கள். மங்கிய பட்டை இம்முறை ஏன் முழு வெறுமையாகவில்லை என்பதையும் அவளே உங்களுக்குச் சொல்லட்டும். விடைகள் வந்ததும், குவாண்டம் புதிர்களைப் பற்றி இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் பேசலாம்.