வாசகர் கேள்வி – பதில்: கார்சியாக்கள் எல்லாரும் உறவினர்களா?

கேள்வி: வளைகுடா நாடொன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்கள் பிரிவில் பிலிப்பைன்சைச் சேர்ந்த கார்சியா என்ற செவிலியர் இருக்கிறார். டெக்சாசில் வசிக்கும் என் அண்ணனுக்கு அடுத்த வீட்டிலும் மெக்சிகோ வழிவந்த கார்சியா குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. கேட்டால், இருவருமே தாங்கள் ஸ்பானியர்கள் அல்லர் என்கிறார்கள். அப்படியானால் இந்த ஸ்பானியப் பெயர் இவர்களுக்கு எப்படி வந்தது? இவர்களுக்குள் உறவு ஏதேனும் இருக்குமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: உறவு இருப்பதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு. ஸ்பெயினிலேயே ஒரு கார்சியாவுக்கும் அடுத்த தெருக் கார்சியாவுக்கும் உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் இதுதான்; தந்தைவழிப் பெயராக இதை உடையவர்கள் மட்டும் 14 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு மூவர். இவ்வளவு பேரும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களாக இருக்க முடியாது என்பது எளிதில் விளங்கும்.

தொடக்கத்தில் கார்சியா என்பது ஆண்களுக்கு இடப்பட்ட சொந்தப் பெயர். பைரனீஸ் மலையடிவாரத்தில் இருந்த பாம்ப்லோனா அரசின் மன்னர்கள் சிலர் 9ஆம் நூற்றாண்டு முதலே இப்பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். அவ்வரசே பின்னர் நவார் எனப்பட்டது. பெயர் அந்த மலைப்பகுதியின் பழைய மொழியான பாஸ்க்கிலிருந்து வந்தது என்பதில் பெரும்பாலான அறிஞர்கள் உடன்படுகிறார்கள். அதன் வேர் ‘இளைஞன்’ என்ற சொல்லா, ‘கரடி’ என்ற சொல்லா என்பதில்தான் வழக்கு தீரவில்லை. இடைக்கால ஸ்பெயினில் தந்தையின் பெயரோடு ஒரு விகுதியைச் சேர்த்து மகனை அழைக்கும் வழக்கம் இருந்தது: ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகஸ், பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ். கார்சியாவின் மகனைக் கார்செஸ் என்பதும் உண்டு. ஆனால் விகுதி சேர்க்காமல் தந்தையின் பெயரை அப்படியே மகனுக்கும் வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் பெயருக்குப் பரவலாக நிலைத்துவிட்டது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேவாலயங்கள் ஞானஸ்நானப் பதிவேடுகளை எழுதத் தொடங்கியபோது, அந்தந்த ஊரில் கார்சியா என்ற தகப்பனுக்குப் பிறந்திருந்தவர்களின் பெயர் அப்படியே உறைந்து, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயராயிற்று. ஆயிரக்கணக்கான ஊர்களில் இது தனித்தனியாக நடந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாஸ்க் மண்ணில் பிறந்து தெற்கே காஸ்டீல் நாடெங்கும் பரவிய இந்தப் பெயர், 20ஆம் நூற்றாண்டில் பாஸ்க் நகரான பில்பாவோவின் இரும்பாலைகளுக்கும் கப்பல் கட்டும் துறைகளுக்கும் வேலை தேடி வந்த ஏழைத் தொழிலாளர்களோடு தாயகம் திரும்பியது. இன்று அந்த மாநிலத்தில் கார்சியாக்களே மிகுதி. ஆனால் உள்ளூர்ப் பாஸ்க் மக்களின் காதுக்கு அது வெளியூர்க்காரர் பெயராகவே படுகிறது.

இனி உங்கள் தோழியின் நாட்டுக்கு வருவோம். ஸ்பெயின் 300 ஆண்டுகளுக்கு மேல் பிலிப்பைன்சை ஆண்டபோதிலும், அங்கே குடியேறிய ஸ்பானியர்கள் சொற்பமே. முதல் இரு நூற்றாண்டுகளில் மதம் மாறிய மக்கள் தங்களுக்கு விருப்பமான புனிதர் பெயரையோ, சிலுவையைக் குறிக்கும் ‘தெ லா குரூஸ்’, புனிதர்களைக் குறிக்கும் ‘தெ லோஸ் சாந்தோஸ்’ போன்ற பக்திப் பெயர்களையோ சூடிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயரும் தம்பிக்கு வேறொரு பெயரும் இருக்கும். ஒரே ஊரில் நூறு குரூஸ்கள் இருப்பார்கள். வரி வசூலிப்பவருக்கும், திருமணத்தின்போது இரத்த உறவு உண்டா என்று பார்க்க வேண்டிய பாதிரியாருக்கும் இது பெரும் தலைவலியாக இருந்தது. ஆளுநராக இருந்த நார்சிசோ கிளவேரியா இதைத் தீர்க்க 1849 நவம்பர் 21 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார்.

அந்த ஆணையோடு ஒரு பட்டியலும் அச்சிடப்பட்டது. அதில் அகர வரிசையில் ஏறத்தாழ 61,000 குடும்பப்பெயர்கள் இருந்தன. ஸ்பானியப் பெயர்கள் மட்டுமல்லாமல் உள்ளூர் மொழிச் சொற்களும், செடிகொடிகள், விலங்குகள், கனிமங்கள், ஊர்கள் ஆகியவற்றின் பெயர்களும் அதில் இடம்பெற்றன. மாகாணத் தலைவர் பட்டியலின் பக்கங்களை ஊர்களுக்குப் பங்கிட்டு அனுப்புவார். ஊரில் பாதிரியார் அதை ஒவ்வொரு பிரிவுக்கும் பகுத்துக் கொடுப்பார். குடும்பத்தின் தகப்பனோ மூத்தவரோ வந்து ஒரு பெயரைத் தெரிந்தெடுக்க வேண்டும், அல்லது கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து அவருடைய நேர் சந்ததியார் அனைவருக்கும் அதுவே பெயர். பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளைக் குடும்பப்பெயரால் அழைத்துப் பழக்க வேண்டும் என்பதுவரை அந்த ஆணை யோசித்திருந்தது.

பக்கங்களைப் பிரித்துக் கொடுத்ததன் விளைவை இன்றும் நிலப்படத்தில் பார்க்கலாம். அன்றைய அல்பாய் மாகாணத்தில் தலைநகரில் ‘ஏ’ எழுத்தில் தொடங்கிய பெயர்கள், தபாக்கோ, திவி பக்கக் கடற்கரையில் ‘பி’, ‘சி’ என்று போய், சோர்சோகோன் கரையோரம் ‘ஈ’ முதல் ‘எல்’ வரை நீண்டு, தராகாவில் ‘எம்’ ஆகி, பொலாங்குய், லிபோன் ஊர்களில் ‘எஸ்’ எழுத்தை எட்டி, மிச்சமிருந்த எழுத்துகளோடு கடந்துவானெஸ் தீவில் முடிந்தன. ஓவாஸ் என்ற ஊர் ‘ஆர்’ எழுத்துக்காரர்களின் ஊர் என்றே இன்றளவும் பெயர் பெற்றது. அஞ்சல்காரர் கடிதங்களை வரிசைப்படுத்துவதுபோல மனிதர்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் கார்சியா விஷயத்தில் பட்டியலை மட்டும் காரணம் காட்டுவது சரியாகாது என்பது என் கருத்து. 61,000 பெயர்களைச் சீராகப் பங்கிட்டிருந்தால் எந்த ஒரு பெயருக்கும் கிடைக்கும் பங்கு அற்பமாகவே இருந்திருக்கும். கார்சியாவோ இன்று அந்நாட்டின் மிகப் பரவலான பெயர்களுள் ஒன்று. நான்கு தலைமுறைகளாக ஒரே பெயரைத் தாங்கி வந்த குடும்பங்கள் அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று ஆணையிலேயே விலக்கு இருந்தது. ஞானத்தந்தையின் பெயரையோ, செல்வாக்குள்ள ஸ்பானியர் ஒருவரின் பெயரையோ முன்னரே ஏற்றிருந்த குடும்பங்கள் பல இந்த வழியில் தப்பின. ஆகவே உங்கள் தோழியின் கார்சியா, 1849இல் ஒரு பக்கத்திலிருந்து பொறுக்கியதாகவும் இருக்கலாம். அதற்கு நூறாண்டு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதாகவும் இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் அது ஸ்பானிய இரத்தத்துக்குச் சான்று ஆகாது.

உங்கள் அண்ணனின் அண்டை வீட்டார் கதை வேறு. மெக்சிகோவுக்கு ஸ்பானியக் குடியேறிகள் கணிசமாகவே வந்தார்கள். அவர்களுள் கார்சியாக்களும் உண்டு. அவர்களோடு, ஞானஸ்நானம் பெற்ற பழங்குடியினரும், எசமானரின் பெயரையே தாங்க நேர்ந்த ஆப்பிரிக்க அடிமைகளும், இவர்கள் எல்லாரின் கலப்பில் பிறந்தவர்களும் அதே பெயரைப் பெற்றார்கள். அந்த வீட்டார் தாங்கள் ஸ்பானியர் அல்லர் என்று சொல்வதில் முரண் எதுவும் இல்லை.

கேள்வி: எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெசை நம் பத்திரிகைகள் ‘மார்க்வெஸ்’ என்றே சுருக்கி எழுதுகின்றன. அவருடைய குடும்பப்பெயர் கார்சியாவா, மார்க்வெசா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும்தான், ஆனால் ஒன்றைச் சொன்னால் போதும் என்றால் கார்சியாவைத்தான் சொல்ல வேண்டும். ஸ்பானிய மரபில் ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள். முதலாவது தந்தையுடையது, இரண்டாவது தாயுடையது. அவருடைய தந்தை கார்சியா, தாய் மார்க்வெஸ். ஸ்பானிய நூலகங்களில் அவர் நூல்களைக் ‘கா’ வரிசையில் தேட வேண்டும். இறுதியில் நிற்பதுதான் குடும்பப்பெயர் என்ற ஆங்கில வழக்கத்தை நாம் அப்படியே பின்பற்றியதால் நேர்ந்த குழப்பம் இது. ஆயினும், கார்சியா மிகவும் சாதாரணமாகிவிட்டதால் தாயின் பெயரை வைத்தே ஆளை அடையாளம் காணும் பழக்கம் ஸ்பானியர்களிடமும் உண்டு. கவிஞர் பெதெரிகோ கார்சியா லோர்காவை லோர்கா என்றே அவர்களும் சொல்கிறார்கள்.

இந்த வரிசை நாட்டுக்கு நாடு மாறும். பெருவின் குடியரசுத் தலைவராக இருமுறை இருந்த ஆலன் கார்சியா பெரெசுக்குத் தந்தையின் பெயர் முதலில், தாயின் பெயர் இறுதியில். 1957 முதல் 1961 வரை பிலிப்பைன்சின் குடியரசுத் தலைவராக இருந்த கார்லோஸ் பொலெஸ்திகோ கார்சியாவுக்கோ தாயின் பெயர் நடுவில், தந்தையின் பெயர் இறுதியில். அமெரிக்க ஆட்சிக்காலத்தில் ஆங்கில வரிசைக்குத் தக்கபடி பிலிப்பைன்ஸ் வழக்கம் இவ்வாறு புரண்டது.

பழைய பெயர்களைப் படிக்கும்போது இன்னும் கவனம் தேவை. 9ஆம் நூற்றாண்டில் பாம்ப்லோனாவை ஆண்ட கார்சியா இன்யிகெஸ் என்ற மன்னருக்குக் கார்சியா சொந்தப் பெயர். இன்யிகெஸ் என்பது அவர் இன்யிகோவின் மகன் என்பதைக் காட்டுவது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கியூபாவின் விடுதலைப் போரில் தளபதியாக இருந்த காலிக்ஸ்தோ கார்சியா இன்யிகெசுக்கு அதே இரு சொற்களும் தந்தையின் குடும்பப்பெயரும் தாயின் குடும்பப்பெயரும் ஆகின்றன. அவரை அந்த மன்னரின் வம்சம் என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஸ்பெயினில் பெயர் வரிசை குறித்த சட்டமும் தளர்ந்துவிட்டது. தாயின் பெயரை முன்னால் வைக்க 1999இல் அனுமதி கிடைத்தது. 2017 முதல் எது முதலில் என்பதைப் பெற்றோரே தீர்மானித்துச் சொல்ல வேண்டும், தந்தையின் பெயருக்குத் தானாக முன்னுரிமை இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் ஸ்மித், ஜான்சனையெல்லாம் ஸ்பானியப் பெயர்கள் முந்திவிட்டனவாமே?
— வாசகர், சேலம்

பதில்: ஸ்மித்தையும் ஜான்சனையும் முந்தவில்லை, மில்லரையும் டேவிசையும் முந்தியிருக்கின்றன. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பட்டியலில் கார்சியா 1990இல் 18ஆம் இடத்தில் இருந்தது. 2000இல் 8,58,289 பேருடன் 8ஆம் இடத்துக்கு வந்தது. 2010இல் 11,66,120 பேருடன் 6ஆம் இடத்தைப் பிடித்தது. பத்தாண்டில் கார்சியாக்கள் சுமார் 36 சதவீதம் பெருகினர். முதலிடத்தில் இருக்கும் ஸ்மித்துகளின் பெருக்கம் மூன்று சதவீதத்தையும் தொடவில்லை. 2010இன் முதல் பத்துப் பெயர்களில் ரோட்ரிகசும் மார்ட்டினெசும் சேர்ந்து மூன்று ஸ்பானியப் பெயர்கள் இடம்பெற்றன.

இதற்குக் குடியேற்றம் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸ், நியூ மெக்சிகோ, கலிபோர்னியா ஆகியவை மெக்சிகோவின் நிலங்களாக இருந்தவை. டெக்சாஸ் 1845இல் அமெரிக்காவோடு இணைந்தது. 1848இல் அமெரிக்க–மெக்சிகோ போர் முடிந்து கையெழுத்தான ஒப்பந்தத்தால் மற்றவையும் கைமாறின. அங்கிருந்த கார்சியாக்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போனது. பிறகு 1910இல் வெடித்த மெக்சிகோ புரட்சியிலிருந்து தப்பி வந்தோர், 1942 முதல் 1964 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் பண்ணைகளுக்கு வரவழைக்கப்பட்டோர், 1959க்குப் பின் கியூபாவிலிருந்து வந்தோர் என அலையலையாக எண்ணிக்கை கூடிற்று.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. ஸ்பானியக் குடும்பப்பெயர்களின் வகை குறைவு. பெருந்தொகையான மக்கள் ஒருசில பெயர்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்காவிலுள்ள லத்தீன் அமெரிக்க வழியினரில் நான்கில் ஒரு பங்கினர் வெறும் 26 குடும்பப்பெயர்களுக்குள் அடங்கினர். அந்தச் சமூகம் சற்றே வளர்ந்தாலும் சில பெயர்கள் பட்டியலில் வெகுவாக மேலேறும்.

பிரான்சிலும் கார்சியாக்கள் நிறைய உண்டு. 1939இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுப் படையினரும் பொதுமக்களுமாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் சில வாரங்களில் எல்லை கடந்தார்கள். ஸ்பெயினின் அலிகாந்தேயிலிருந்தும் அல்மேரியாவிலிருந்தும் பிழைப்புக்காக, பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் ஓரான் நகருக்குப் போனவர்களின் வாரிசுகள், அந்நாடு விடுதலை பெற்ற 1962இல் பிரெஞ்சுக் குடிமக்களாக மார்சேய் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள்.

கேள்வி: தூத்துக்குடியின் பர்னாந்து, கோமஸ், இலங்கையின் பெரேரா, சில்வா ஆகியவையும் ஸ்பானியப் பெயர்கள்தாமா?
— வாசகர், திருச்செந்தூர்

பதில்: இல்லை, அவை போர்த்துக்கீசர் வழி வந்தவை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது உடன் இருந்தவர்கள் போர்த்துக்கீசர்களே. ஞானத்தந்தையரின் பெயர்களை ஏற்கும் வழக்கம் இங்கும் நடந்திருக்கிறது. இரு மொழிகளும் நெருங்கிய உறவுடையவை ஆதலால் பல பெயர்கள் இரண்டுக்கும் பொது, எழுத்துக்கூட்டலில்தான் வேறுபாடு. கோமஸ் என்பதன் இறுதியில் போர்த்துக்கீசர் ‘எஸ்’ எழுத்தையும் ஸ்பானியர் ‘இசட்’ எழுத்தையும் போடுவார்கள். நம் ஊரில் இரண்டையும் கலந்து எழுதுவதால் அந்த ஓர் எழுத்தை வைத்து யாருடைய பூர்விகத்தையும் முடிவு செய்ய இயலாது.

எனினும் கார்சியா மன்னர்களின் அந்த நவார் மண்ணிலிருந்து ஒரு பெயர் நம் கடற்கரைக்கு வந்தே இருக்கிறது. 1506இல் நவாரின் ஹவியர் கோட்டையில் பிறந்து, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியரின் பெயர்தான் அது. ஹவியர் என்ற பாஸ்க் இடப்பெயரே போர்த்துக்கீச வாயில் சேவியர் ஆகி, தமிழில் சவேரியார் ஆயிற்று. பிலிப்பைன்சில் ஹவியர் என்பது குடும்பப்பெயராக வழங்குகிறது. நம்மிடையே சேவியர் பெரும்பாலும் பிள்ளைக்கு இடும் பெயர்.