வில்லங்கச் சான்றில் இல்லாத குடித்தனங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பழைய வீடுகள்

கேள்வி: திருவல்லிக்கேணியில் என் தாத்தா 1938-இல் வாங்கிய வீட்டில் இருக்கிறோம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், வரிசையில் நடு வீடு. ஒரு காலத்தில் உள்ளே பல குடித்தனங்கள் இருந்தனவாம். அடுத்த வருஷம் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறோம். அதற்குள் வீட்டின் வரலாற்றை எழுதிவைக்க ஆசை. வில்லங்கச் சான்று போட்டால் இரண்டு பாகப்பிரிவினை, ஓர் அடமானம், அதன் ரத்து, அவ்வளவுதான் வருகிறது. வேறு எங்கே தேடுவது?
– ஒரு வாசகி, சென்னை-5

பதில்: நானும் அந்தப் பேட்டைக்காரிதான் அம்மா. ஐந்து குடித்தனங்கள் இருந்த வீட்டில், முற்றத்தை ஒட்டிய ஒன்றரை அறைப் போர்ஷனில் வளர்ந்தேன். பிறகு பதிவுத்துறையில் பத்திரங்களைப் படியெடுக்கும் வேலையில் 31 வருஷம் இருந்தேன். அதனால் உங்கள் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்ல முடியும்.

நாலு வரிதான் வரும். வில்லங்கச் சான்று சொத்து கைமாறிய கணக்கு. அங்கே யார் சமைத்தார்கள், யாருக்குப் பிரசவம் ஆனது என்பதெல்லாம் அதில் ஏறாது. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைத்தான் கட்டாயம் பதிய வேண்டும். மாத வாடகைக்கு வந்தவர்கள் வாய்ப்பேச்சில் வந்தார்கள், முன்பணம் கொடுத்தார்கள், பால் காய்ச்சினார்கள், முப்பது வருஷம் இருந்துவிட்டுப் போனார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது. என் அப்பா அம்மா பெயரும் அந்த வீட்டின் எந்தப் பத்திரத்திலும் இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் அதைத் தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்தபோது மனசு கனத்துப்போயிற்று.

இருந்தாலும் பத்திரத்திலிருந்தே தொடங்குங்கள். 1975 முதல் உள்ள வில்லங்கத்தை இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையது இணையத்தில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். உங்கள் தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் ‘1 புத்தகம்’ (அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதியும் பதிவேடு) என்று போட்டு, தொகுதி எண், பக்கம், ஆவண எண் எல்லாம் இருக்கும். அது இருந்தால் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். விற்றவர் அந்தச் சொத்தை யாரிடமிருந்து எந்த வருஷம் அடைந்தார் என்று பத்திரத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரமாகப் பின்னால் போங்கள். எண் தெரியாத இடத்தில் பெயர் அட்டவணை கைகொடுக்கும்.

அப்புறம், நான்கெல்லையை விட்டுவிடாதீர்கள். ‘இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு’ என்று எழுதுவார்களே, அதுதான். ஒட்டு வீடுகளுக்கு இது பெரிய வரம். பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் உங்கள் வீடுதான் எல்லை. அந்த வருஷம் உங்கள் வீடு யாருடையது என்பது அவர்கள் பத்திரத்தில் இருக்கும். சில பத்திரங்களில் சொந்தக்காரர் பெயரை விட்டுவிட்டு ‘இன்னார் குடியிருக்கும் வீடு’ என்றே எல்லை சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு வரியை நானே படியெடுத்திருக்கிறேன். குடித்தனக்காரர் ஒருவர் பத்திரத்துக்குள் வந்துவிட்டாரே என்று அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். பொதுச்சுவர் யார் செலவில் எழுந்தது என்ற தகவலும் அதில் கிடைக்கலாம்.

குடித்தனக்காரர்களைத் தேட உங்கள் வீட்டுப் பரண்தான் முதல் இடம். வீட்டுக்காரர்கள் வரவு செலவுக் காகிதங்களைக் கம்பியில் குத்தி மாட்டிவைப்பார்கள், அந்தக் கட்டு கிடைக்கிறதா பாருங்கள். அதில் மணியார்டர் கூப்பன்கள் இருக்கலாம். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வாடகையை வாங்க மறுக்கும் வீட்டுக்காரருக்கு மணியார்டரில் அனுப்ப வழி இருந்தது, கமிஷனைக் கழித்துக்கொள்ளவும் இடமிருந்தது. அதையும் வாங்காவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் பணத்தைக் கட்டலாம். வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டால் கூப்பன் அவர் கையில் நிற்கும். மறுத்தால் அனுப்பியவருக்கே திரும்பி வரும். என் அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியில் அப்படித் திரும்பிய கூப்பன்கள் பதினேழு இருந்தன. ஒன்றில் அம்மாவின் கையெழுத்தில், ‘ஜூன் மாத வாடகை. சமையலறை மூலையில் ஒழுகுகிறது, மழைக்கு முன் பார்த்துத் தரவும்’ என்றிருந்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் கூரை ஒழுகியது என்பதற்கு வேறு எந்தச் சாட்சியும் கிடையாது. உங்கள் பரணில் இருப்பவை வாங்கிக்கொண்ட கூப்பன்களாக இருக்கும். தேதி வாரியாக அடுக்கினாலே யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று தெரிந்துவிடும். வாடகை வழக்கு நடந்திருந்தால் மனுவிலும் தீர்ப்பிலும் குடித்தனக்காரர் பெயர், எந்தப் போர்ஷன், என்ன வாடகை எல்லாம் இருக்கும். வழக்குக் கட்டு வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் தாத்தாவுக்கு எதிரான வார்த்தைகள் அதில் இருந்தாலும் அப்படியே வையுங்கள்.

அப்புறம் ஆட்களைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், ஆவடி என்று பிரிந்து போனார்கள். ஒருவரைப் பிடித்தால் அவர் மூலம் இன்னொருவர் கிடைப்பார். போனவுடன் ‘பழைய கதை சொல்லுங்கள்’ என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. வீட்டின் படத்தைத் தாளில் போட்டுக்கொண்டு போங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை எல்லாவற்றையும் குறித்து, ‘உங்கள் போர்ஷன் எது?’ என்று மட்டும் கேளுங்கள். அடுத்து முறைவாசலைப் பற்றிக் கேளுங்கள். எந்தெந்தக் குடும்பம் எந்த நாளில் வாசல் தெளித்துக் கோலம் போட்டது என்று பெண்களுக்கு மறக்கவே மறக்காது. எங்கள் முறை செவ்வாய். வியாழக்கிழமைக்காரர் மாடி அறை அத்தை. கோலம் கோணினால் அழித்துவிட்டு மறுபடி போடுவார், அதுவரை நாங்கள் பள்ளிக்குக் கிளம்ப வாசலைத் தாண்ட முடியாது. கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வந்த நேரம், குடங்கள் வைத்த வரிசை, யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை என்பது, எல்லாம் அந்தப் படத்திலிருந்தே கிளம்பி வரும்.

உங்கள் வீட்டுக்கதையில் 1942 ஏப்ரலையும் விசாரியுங்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியான மாதம் அது. யார் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்பதைக் கடிதங்களின் முகவரி காட்டிக்கொடுக்கும். அஞ்சலட்டைகளைத் தேதி முத்திரையோடு பாருங்கள்.

குடித்தனக்காரர்களை எழுதினால் வீட்டுக்காரர் குடும்பத்துக்குப் பெருமை குறையுமோ என்று யாராவது சொன்னால், பக்கத்தில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பாரதி அங்கே வாடகைக்குத்தான் இருந்தார். 1921 செப்டம்பரில் அந்த வீட்டில்தான் இறந்தார். இன்றைக்கு அந்த வீட்டுக்குக் குடியிருந்தவர் பெயர்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கொல்லைத் தாழ்வாரத்து ஓட்டில் ‘பாசல் மிஷன், 1865’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. அப்படியானால் வீட்டுக்கு 160 வயதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை ஐயா. 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். பிறகு எத்தனையோ வருஷம் செய்த ஓட்டிலெல்லாம் அதே எண்ணைப் பதித்தார்கள். முதல் உலகப் போரின்போது ஆலை அவர்கள் கையைவிட்டுப் போய், பிற்பாடு காமன்வெல்த் என்ற பெயருக்கு மாறியது. ஆகவே பாசல் மிஷன் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஓடு. ஆனால் ஓடு வீட்டுக்கு வீடு மாறும். வேறொரு வீட்டைப் பிரித்தபோது வாங்கிப் போட்டதாகவும் இருக்கலாம். தாழ்வாரத்தை விட்டுவிட்டுக் கூடத்து மச்சைப் பாருங்கள்: தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் சின்னச் செங்கலைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்பில் ஒட்டியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அங்கே கையை வைக்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை அழைத்து வாருங்கள். சிமெண்டைப் பூசினால் உள்ளே ஈரம் தங்கிக் கட்டை உளுத்துப்போகும்.

கேள்வி: எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மூன்றடிச் சந்து ஒன்று இருக்கிறது. பழைய பத்திரத்தில் ‘தோட்டிச் சந்து’ என்று போட்டிருக்கிறது. எங்கள் வரலாற்றில் இதை எழுத வேண்டுமா? வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: கட்டாயம் எழுதுங்கள். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில், மலம் அள்ளுபவர்கள் தெருவாசல் வழியாக வரக்கூடாது என்பதற்காகவே அந்தச் சந்தை விட்டார்கள். கொல்லைச் சுவரின் அடியில் ஒரு சதுர ஓட்டையும் தகரக் கதவும் இருந்திருக்கும். அடைத்த தடம் இன்னும் தெரிகிறதா பாருங்கள், படம் எடுத்துவையுங்கள். இந்த வேலையைத் தடைசெய்து 1993-இலும் 2013-இலும் மத்தியச் சட்டங்கள் வந்தன.

எங்கள் வீட்டுக்கு ஒரு பெண்மணி வருவார். விடியற்காலையில் தகரக் கதவு கிரீச்சிடும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். தீபாவளிக்கு அம்மா ஒரு பழைய புடவையும் பட்சணமும் அந்தச் சுவர் மேல் வைப்பார், கையில் கொடுக்கமாட்டார். வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு வந்து போனவர் அவர். ஐந்து குடித்தனத்தில் ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் பெரியவர்களில் யாருக்காவது உங்கள் சந்துக்கு வந்தவர் பெயர் தெரிந்தால், இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.