பக்கவாதத்தில் விழுந்த கைக்கு ரோபோ கையுறை வாங்கலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது, இடது கை விரல்கள் மடங்கியே கிடக்கின்றன, ஆன்லைனில் விற்கிற, காற்றில் இயங்கும் ரோபோ கையுறையை வாங்கலாமா என்று.

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் அப்பாவின் முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டுக்கு அப்பால் கை விளிம்பில் தொங்கும்படி விடுங்கள். மணிக்கட்டிலிருந்து கையைத் தூக்கச் சொல்லுங்கள், விரலை விரிக்கச் சொல்லுங்கள். கொஞ்சமாவது அவராகத் தூக்குகிறாரா, துளிகூட அசைவில்லையா? எந்தச் சாதனம் அவருக்கு உதவும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

என் அம்மா முக்கூடலில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றியவள். விழுந்தது வலது கை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பந்தைப் பிசையச் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் அந்தப் பந்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். “பெரியம்மா, உங்க விரலுக்கு மடங்கத்தான் நல்லாத் தெரியுதே. நாம விரிக்கல்லா பழக்கணும்” என்றாள். விரல் இறுகி மடங்குகிறவர்களுக்குப் பந்து அந்த இறுக்கத்தையே கூட்டிவிடலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இறுக்கம் மிக அதிகமாக இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். குறிப்பிட்ட தசைகளில் போட்டுலினம் ஊசி போட்டுச் சில மாதங்களுக்கு அதைத் தளர்த்த முடியும்.

அசைவே இல்லாத கட்டத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையிலேயே வலிப்பதுபோல் வரும் மாய வலிக்காக, தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை இது. 1999-ல் பக்கவாதக்காரர்களுக்கும் செய்து பார்த்தார்கள். 2018-ல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, கை அசைவும் அன்றாட வேலைகளும் இதனால் ஓரளவு மேம்படுவதாகச் சொல்கிறது. கண்ணாடியை நெஞ்சின் நடுவுக்கு நேராக, இரண்டு கைக்கும் இடையில் தடுப்பு மாதிரி, முகம் பார்க்கும் பக்கம் நல்ல கையை நோக்கி இருக்கும்படி நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை மெதுவாக விரித்து மூட வேண்டும். கண் கண்ணாடியைவிட்டு நகரக் கூடாது. விழுந்த கையையும் கூடவே அசைக்க முயல வேண்டும். நல்ல கையில் கிடந்த வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார்கள். இரண்டு கையும் ஒன்றுபோல் தெரிந்தால்தான் மூளை நம்புமாம். வளையலைக் கழற்ற அம்மாவுக்கு மனசே இல்லை. கழற்றிவிட்டுப் பார்த்தவள், “ஏட்டி, அந்தக் கைல்லா அசையுது!” என்று என்னைக் கூப்பிட்டாள். அசைந்தது கண்ணாடியில்தான். ஆனாலும் அன்றிலிருந்து பயிற்சிக்கு அவளாகவே உட்கார ஆரம்பித்தாள்.

மணிக்கட்டும் விரலும் கொஞ்சம் தூக்க வந்துவிட்டால் வழி வேறு. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழுந்த கையாலேயே வேலை செய்யவைப்பது. 2006-ல் வெளிவந்த எக்சைட் என்ற அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் இப்படிப் பயிற்சி எடுத்தவர்களின் கை, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் கையைவிட நன்றாகத் தேறியது. உங்கள் அப்பா இப்போது அந்தக் காலகட்டத்தில்தான் இருக்கிறார். ஆனால் நடக்கும்போது உறை வேண்டாம். தடுமாறினால் பிடித்துக்கொள்ள நல்ல கை வேண்டும். பயிற்சியாளர் பார்த்துச் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள்.

அம்மாவுக்கு அந்த நேரத்தில் கொடுத்த வேலை பீடி இலை. தூள் கிடையாது, வெறும் நனைத்த இலை. சுளகில் கிடக்கும் இலையை ஒவ்வொன்றாக எடுத்து வேறொரு தட்டில் வைக்க வேண்டும். எடுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. இலை தட்டுக்கு மேலே போய் நிற்கும், பெருவிரல் விடாது, அம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிடும். கழற்றிக் கொடுக்கப் போன என் கையைப் பிசியோதெரபிஸ்ட் தடுத்துவிட்டாள். அந்தப் பாடுதான் மருந்து. உங்கள் அப்பாவுக்கும் அவர் பழகிய வேலையிலிருந்தே ஒன்றை எடுங்கள். கடை வைத்திருந்தவர் என்றால் சில்லறை எண்ணட்டும், பொட்டலம் மடிக்கட்டும்.

இதனால்தான் கையுறை விஷயத்தில் எனக்குத் தயக்கம். விரலை அது விரித்துவிடும், அப்பா விரிப்பதில்லை. மூட்டு இறுகாமல் இருக்க அது உதவலாம். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், 770 பேரை மூன்று பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்தே ரோபோ பயிற்சி கொடுத்தும், வழக்கமான சிகிச்சையைவிடக் கைப் பயன்பாடு கூடவில்லை. அது வீட்டுக் கையுறை இல்லை, பெரிய இயந்திரம். அதற்கே அப்படி. சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ, நோயாளியின் முயற்சியையும் சேர்த்து வாங்குகிற கைப் பயிற்சி ரோபோ. அது மாதிரி ஏதாவது கிடைத்தால் போட்டுப் பார்க்கலாம். கையுறையே வாங்கினாலும், அது விரிக்கும்போது அப்பாவும் கூடவே விரிக்க முயல வேண்டும். டிவி பார்த்துக்கொண்டு கையை மட்டும் அதில் விட்டுவைப்பது போதாது.

ஸ்பிளின்ட், அதாவது விரல் மடங்காமல் தாங்கிப் பிடிக்கும் அச்சு, போடச் சொன்னால் ரெடிமேடாக வாங்காமல், பிளாஸ்டிக்கைச் சுடுநீரில் இளக்கி அவர் கை அளவுக்கே வளைத்துச் செய்வதைக் கேளுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு உள்ளே பருத்தித் துணி வேண்டும். முதல் நாள் அரைமணி நேரத்தில் கழற்றி, தோலில் சிவப்பு விழுந்திருக்கிறதா பாருங்கள். மரத்த கைக்கு அழுத்துவது தெரியாது. தசையைத் தூண்டக் கரண்ட் வைக்கும் கருவி என்றால், பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

கையுறைக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல பயிற்சியாளருக்குக் கொடுங்கள். அதற்கும் வசதி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

அப்பாவை எழுப்பும்போது அந்த இடது கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். தசை தளர்ந்த தோள் எளிதில் இறங்கிவிடும். வலி வந்துவிட்டால் அவர் எந்தப் பயிற்சிக்கும் கையை நீட்ட மாட்டார். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள்.